ஏன் 12 ஸ்வரம் மட்டும்? குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

#1 முற்றத்து நிலா

எட்டு முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இசை சொல்லித் தருகிறேன். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை அழுத்திக் காட்டியபோது ஒரு சிறுமி கேட்டாள்: "இந்த இரண்டுக்கும் நடுவில் சத்தமே கிடையாதா?" இருக்கிறது என்றேன். "அப்படியானால் அதற்கு ஏன் கட்டை வைக்கவில்லை?"

நியாயமான கேள்வி. ஒலியின் அதிர்வெண் தொடர்ச்சியாக ஏறிக்கொண்டே போகக்கூடியது. 200 ஹெர்ட்ஸும் (விநாடிக்கு 200 அதிர்வு) ஒலிதான், 200.5 ஹெர்ட்ஸும் ஒலிதான். இதில் 12 இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்தது யார், எதற்காக? "பெரியவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள்" என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. மடக்கை, வர்க்கமூலம் எதையும் இழுக்காமல், பத்து வயதுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

#2 படிப்படி

இதற்குப் பெரிய விஞ்ஞானமெல்லாம் வேண்டாம். மாடிக்கு ஏறச் சாய்தளமும் போடலாம், படியும் கட்டலாம். சாய்தளத்தில் நிற்பவனிடம் "நேற்று நின்ற அதே இடத்தில் போய் நில்" என்றால் விழிப்பான். படியில் நின்றவன் "நான்காவது படி" என்று சொல்லிவிட்டுப் போய் நிற்பான். பாட்டு என்பது ஒருவர் பாடி இன்னொருவர் திருப்பிப் பாடுவது. திருப்பிப் பாட வேண்டுமானால் நிற்கிற இடங்கள் தெளிவாக இருக்க வேண்டும்.

நம் நினைவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இரண்டு ஒலிகளை அடுத்தடுத்து ஒலித்தால் மிகச் சிறிய வித்தியாசத்தைக்கூடக் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் கணக்கில் ஒரு ஸ்தாயிக்குள் (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த மேல் 'ஸ' வரை) நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிகளைப் பிரித்தறியலாம். ஆனால் ஒரே ஒரு ஒலியைத் தனியாகக் கொடுத்து "இது எத்தனையாவது?" என்று கேட்டால் கதை வேறு. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இது வருகிறது: ஐந்தாறு வகைக்கு மேல் போனால் பெரும்பாலானவர்கள் தடுமாறிவிடுகிறார்கள். நூறு ஸ்வரம் வைத்தால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

#3 நரம்பும் மெட்டும்

படிப்படி அவர்களே, உங்கள் பதில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. படி எதற்கு என்று சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்தச் சிறுமி விடமாட்டாள், "சரி, ஏன் 9 படி கட்டவில்லை? 10 எண்ணச் சுலபமாயிற்றே?" என்று கேட்பாள். அங்கே உங்கள் மாடிப்படிக்கு வாய் இல்லை. கட்டடத்தில் படிகளை நம் இஷ்டத்துக்குக் கட்டலாம். இசையில் சில படிகளின் இடத்தைக் கம்பியே தீர்மானித்துவிடுகிறது.

ஒரு பலகையில் இரண்டு ஆணி. நடுவே கிட்டார் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் சின்னக் கட்டை வைத்து, அதிர்கிற நீளம் சரியாக 60 செ.மீ. இருக்கும்படி செய்யுங்கள். (ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். இழுக்கும்போது நீளமும் கூடும், இறுக்கமும் கூடும்; எது எதனால் மாறுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது.) கம்பியை மேலிருந்து அழுத்தவும் கூடாது, அழுத்தினால் இறுக்கம் ஏறிச் சுருதியும் ஏறிவிடும். கம்பிக்கு அடியில் ஒரு மெல்லிய குச்சியை, கம்பியைத் தூக்காமல் நன்றாகத் தொட்டு நிற்கும்படி நகர்த்தினால் போதும்.

முழுக் கம்பியை மீட்டுங்கள். இதை 'ஸ' என்று வைத்துக்கொள்வோம். குச்சியை 30இல் வைத்து மீட்டினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம். "இது புதுசா, பழையதா?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். "அதேதான், ஆனால் உயரத்தில்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். அடுத்து 40இல் வைத்து, அந்த 40 செ.மீ. பக்கத்தை மீட்டுங்கள், 'ப' வரும். பஞ்சமம். 45இல் 'ம', சுத்த மத்யமம். 48இல் 'க', அந்தர காந்தாரம். எல்லாம் முழு எண்கள். பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று, ஐந்தில் நான்கு.

இப்போது குச்சியை 41.3இல் வைத்து மீட்டிவிட்டு, முழுக் கம்பியின் ஒலியோடு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புதான் நீங்கள் தேடுகிற விடையின் முதல் பாதி.

#4 முற்றத்து நிலா

நரம்பும் மெட்டும், மிக்க நன்றி. பலகை தயார் செய்துவிடுவேன். ஆனால் ஒரு சந்தேகம். பாதி நீளத்தில் வருவது மட்டும் "அதே ஸ்வரம்" என்று காது ஏன் ஒத்துக்கொள்கிறது? கேட்டால் என்ன சொல்வேன்?

#5 நரம்பும் மெட்டும்

ஒரு கம்பி ஒரே ஒலியை மட்டும் எழுப்புவதில்லை. 200 ஹெர்ட்ஸில் அதிர்கிற கம்பி, அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகப் பிரிந்து 400இலும், மூன்று பங்காகப் பிரிந்து 600இலும், பிறகு 800, 1000 என்றும் மெல்லியதாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். தம்புராவை நிதானமாகக் கேட்டவர்களுக்குத் தெரியும்: யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் ஸட்ஜத்துக்குள்ளிருந்து கிளம்பி வரும். அது அந்த ஐந்தாவது பங்குதான்.

400இல் அதிர்கிற கம்பியின் மேற்சுரங்கள் 800, 1200, 1600. இவை அத்தனையும் முதல் கம்பிக்குள் ஏற்கெனவே இருப்பவை. புதிதாக ஒன்றும் வரவில்லை, அதனால் "அதேதான்" என்கிறது காது. நீளம் மூன்றில் இரண்டானால் அதிர்வெண் ஒன்றரை மடங்கு, ஆகவே பஞ்சமம் 300 ஹெர்ட்ஸ். அதன் மேற்சுரங்கள் 600, 900, 1200. ஒன்றுவிட்டு ஒன்று பொருந்துகிறது. புதிதாகவும் இருக்கிறது, உறவாகவும் இருக்கிறது. மிகவும் பிடித்துப்போகிற உறவு அதுதான்.

பொருந்தாதவற்றுக்கு வேறு கதை. 200ஐயும் 203ஐயும் சேர்த்து ஒலித்தால் ஒலி விநாடிக்கு மூன்று முறை பெருகிப் பெருகிக் குறையும். பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்திருப்போம். இரண்டு ஒலிகளும் இன்னும் கொஞ்சம் விலகினால் விம்மல் வேகமாகிக் கரகரப்பாக மாறிவிடும். 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்தக் கரகரப்பைக் கொண்டுதான் இனிமையையும் இன்னாமையையும் விளக்கினார்.

#6 கூட்டல் கழித்தல்

இதற்குத்தான் காத்திருந்தேன். இனி கணக்கு. பெருக்கலும் பாதியாக்கலும் மட்டும், மடக்கை கிடையாது, கவலை வேண்டாம்.

விளையாட்டின் விதி இதுதான். 200இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்காக்குங்கள், அதாவது பஞ்சமத்துக்குப் போங்கள். 400ஐத் தாண்டினால் பாதியாக்கிக் கீழே கொண்டுவாருங்கள். பாதியாக்கினாலும் அதே ஸ்வரம்தான் என்று மேலே பார்த்துவிட்டோம். பிள்ளைகள் கால்குலேட்டரில் போடட்டும்.

200, 300, 225, 337.5, 253.1.

இங்கே நிறுத்துங்கள். இந்த ஐந்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் ஸ ரி க ப த. வாசித்துப் பாருங்கள், மோகனம்! யாரும் ராகம் போடச் சொல்லவில்லை, ஒன்றரையால் பெருக்கச் சொன்னோம், அவ்வளவுதான். இன்னும் இரண்டு அடி வையுங்கள்: 379.7, 284.8. அவை நிஷாதமும் ('நி') பிரதி மத்யமமும் (உயர்ந்த 'ம'). ஏழு ஸ்வரமும் வந்துவிட்டது, அது கல்யாணி ராகம். இந்தச் சங்கிலியை ஸட்ஜத்துக்கு ஒரு கண்ணி முன்னால், சுத்த மத்யமத்திலிருந்து தொடங்கியிருந்தால் சங்கராபரண ராகம் கிடைத்திருக்கும்.

எனக்கு இது முதன்முதலில் புரிந்தபோது அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

மேலே போவோம். 213.6, 320.4, 240.3, 360.4, 270.3, 202.7. பன்னிரண்டாவது அடியில் 202.7. புறப்பட்ட இடம் 200. வீட்டு வாசலுக்கு வந்தாயிற்று, ஆனால் கதவு இரண்டே முக்கால் ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. இதற்கு மேல் போனால் எல்லா ஸ்வரங்களுக்கும் பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு புதிது புதிதாக முளைக்கும். ஆகவே இங்கே நிறுத்திவிடுவது நல்லது என்று காது சொல்கிறது. 12 வந்த வழி இது.

கூர்ந்து பாருங்கள், இந்தப் பயணத்தில் வீட்டுக்குப் பக்கமாக வந்துபோகிற இடங்கள் 5, 7, 12. ஐந்தாவது அடியில் 379.7, அதாவது மேல் ஸட்ஜமான 400க்குச் சற்றுக் கீழே. ஏழாவது அடியில் 213.6. பன்னிரண்டில் 202.7. உலகத்தில் ஐந்து ஸ்வர இசையும் ஏழு ஸ்வர இசையும் ஏன் இவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

#7 படிப்படி

சரி, மாடிப்படியைப் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த 2.7 ஹெர்ட்ஸை என்ன செய்வது? சரியாகப் பொருந்தவே பொருந்தாதா?

#8 கூட்டல் கழித்தல்

பொருந்தாது. எத்தனை அடி போனாலும் பொருந்தாது. மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படைதான், இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படைதான். ஒற்றையும் இரட்டையும் ஒருநாளும் சமமாகாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு வரியே போதுமான நிரூபணம். பஞ்சமங்கள் மூன்றாலும் ஸ்தாயிகள் இரண்டாலும் ஆனவை, சந்திக்க வழியே இல்லை.

53 அடி நடந்தால் 200.4க்கு வரும், மிக நெருக்கம். துருக்கிய இசைக் கோட்பாட்டில் ஒரு ஸ்தாயியை 53 நுண்பகுதிகளாக எண்ணும் முறை உண்டு. ஆனால் 53 கட்டை உள்ள கீபோர்டில் பிள்ளை விரல் வைப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

#9 நரம்பும் மெட்டும்

மிச்சமாகும் 2.7ஐ எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் கீபோர்டு செய்பவர்களின் பல நூற்றாண்டுக் கவலை. கடைசியில் எல்லாக் கட்டைகளுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டார்கள். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு 1.059463 மடங்கு, 12 முறை பெருக்கினால் சரியாக 2. இந்த எண்ணை 1584இல் சீனாவில் சூ ஜாய்யூ என்ற மிங் வம்சத்து இளவரசர் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவினும் இதே கணக்கைப் போட்டார்.

நம் 60 செ.மீ. கம்பிக்கு வாருங்கள். சமப் பங்கீட்டில் பஞ்சமத்தின் இடம் 40.05. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், எந்தக் காதும் மன்னித்துவிடும். ஆனால் அந்தர காந்தாரம் 48க்குப் பதிலாக 47.62இல் போய் விழுகிறது. நாலு மில்லிமீட்டர்! அதிர்வெண்ணில் சொன்னால் 250க்குப் பதில் 252. தம்புராவோடு கீபோர்டை வாசித்தால் காந்தாரம் கொஞ்சம் உறுத்துவது இதனால்தான். கட்டை எதுவானாலும் அதை ஸட்ஜமாக வைத்துப் பாடலாம் என்ற வசதிக்கு இது விலை.

பிள்ளைகளிடம் ஒரு கிட்டாரைக் கொடுத்து மெட்டுகளின் (விரல் பலகையில் குறுக்கே பதித்த பட்டைகளின்) இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். 60 செ.மீ. கம்பியானால் முதல் இடைவெளி 3.37 செ.மீ., பன்னிரண்டாவது 1.78. "சமமாகப் பிரித்ததாகச் சொன்னீர்களே?" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். இங்கே சமம் என்பது கூட்டலில் இல்லை, பெருக்கலில் இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதியில் இருக்கும். வீணையில் 24 மெட்டுகள் இருப்பதும் இரண்டு ஸ்தாயிக்கான கணக்குதான்.

#10 ஆலாபனை

இவ்வளவு நேரம் பொறுமையாக வாசித்தேன். எல்லாரும் கட்டையையும் மெட்டையும் வைத்தே பேசுகிறீர்கள். தொண்டைக்கு ஏது மெட்டு? தோடி ராகத்தின் காந்தாரத்தை 12 இடங்களில் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்? அது ரிஷபத்தையும் ('ரி') மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டே இருக்கிறது. நேராக நிறுத்தினால் தோடியே இல்லை. பிள்ளைகளிடம் "இசையில் 12 ஒலிகள்தான் உண்டு" என்று சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் ஸ்வரத்தை இப்படி ஆட்டிப் பாடும் கமகத்தைக் கேட்கும்போது பிழை என்று நினைப்பார்கள்.

நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதி (நுண் இடைவெளி) சொன்னார். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 அல்ல, 24 என்று வாதாடினார். நமக்கே ஒத்த கருத்து இல்லாத விஷயத்தில் 12 என்று அடித்துச் சொல்வது சரியா?

#11 நரம்பும் மெட்டும்

அம்மா, 22ஆ 24ஆ என்று தொடங்கினால் இந்த இழை அடுத்த தலைமுறைக்கும் ஓடும்; அதை விட்டுவிடுகிறேன்.

கமகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் நீங்களே "ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டு" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? ஆட்டம் எதிலிருந்து எதற்கு என்று சொல்ல அந்த இரண்டு இடங்களும் தேவைப்படுகின்றன. வயலினில் மெட்டே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் விரல் வைக்கலாம். அப்படியும் வயலின்காரரின் விரல் குறிப்பிட்ட இடங்களைச் சுற்றித்தான் வளைய வருகிறது. 12 என்பது அந்த இடங்களின் எண்ணிக்கை. இசையில் காதுக்கு வருகிற ஒலிகள் அதைவிட மிக அதிகம், அதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் "12 ஒலிகள்" என்று சொல்லாமல் "12 இடங்கள்" என்று சொன்னால் உங்கள் கவலை தீரும் என்று நினைக்கிறேன்.

#12 ஆலாபனை

'இடங்கள்' என்றால் சம்மதம். ஸ்வரஸ்தானம் என்றுதான் நாமும் சொல்கிறோம். அந்தச் சிறுமிக்குக் கீபோர்டில் மட்டும் காட்டி நிறுத்தாமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருப்பதை ஒருமுறை பாடியும் காட்டிவிடுங்கள்.

#13 வெண்கலம்

ஒரு சின்ன எச்சரிக்கை. மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று என்பதெல்லாம் கம்பிக்கும் குழலுக்கும் தொண்டைக்கும் பொருந்துகிற நியாயம். உலோகப் பட்டையைத் தட்டினால் கதையே மாறிவிடும். சீரான ஒரு பட்டையின் இரண்டாவது அதிர்வு, முதல் அதிர்வைப்போல் 2.76 மடங்கு இருக்கும், 2 மடங்கு இருக்காது. மேற்சுரங்களே முழு எண்ணில் இல்லாதபோது, அவற்றுக்குப் பொருந்துகிற ஸ்வரங்களும் வேறு இடங்களில்தான் அமையும்.

இந்தோனேசியாவின் கமெலான் இசையில் வெண்கலப் பட்டைகளும் கோங்கு என்ற வட்டத் தட்டுகளும்தான் பிரதானம். அங்கே ஸ்லேந்த்ரோ என்ற ஐந்து ஸ்வர முறையும் பெலோக் என்ற ஏழு ஸ்வர முறையும் உண்டு. இரண்டுமே பியானோவின் கட்டைகளோடு பொருந்தாது. ஒரு குழுவின் வாத்தியங்கள் இன்னொரு குழுவின் வாத்தியங்களோடும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு தொகுதியையும் அதற்குள் மட்டும் சேர்த்துச் சுருதி கூட்டுகிறார்கள்.

ஆக, 12 என்பது இயற்கையின் கட்டளை என்று சொல்லிவிடாதீர்கள். கம்பியும் குரலும் காட்டுகிற வழியில் போனவர்கள் வந்து சேர்ந்த நல்ல இடம், அவ்வளவுதான். வேறு வழியில் போனவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

விரல்களையும் மறந்துவிட வேண்டாம். ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் கிடைத்த, பிணந்தின்னிக் கழுகின் எலும்பில் செய்த குழலுக்கு ஐந்து விரல் துளைகள். வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல். அதைச் செய்தவர் ஒன்றரையால் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார், விரலுக்கு எட்டிய இடத்தில் துளை போட்டிருப்பார்.

#14 முற்றத்து நிலா

எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. முதல் வகுப்பில் பலகையும் கம்பியும். இரண்டாவதில் கால்குலேட்டர், மோகனம். ஒற்றைப்படை இரட்டைப்படை நிரூபணத்தைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லப்போகிறேன்.

இரண்டு உதவி வேண்டும். ஓடியாடும் விளையாட்டாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். இன்னொன்று, "இடங்கள் 12தான் என்றால் பாட்டெல்லாம் ஒருநாள் தீர்ந்துபோகாதா?" என்று யாராவது கேட்பது உறுதி.

#15 கூட்டல் கழித்தல்

தீராது. ஏழே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு எட்டு ஸ்வரம் நீளமுள்ள ஒரு வரியை அமைக்க 57 லட்சத்து 64 ஆயிரத்து 801 வழிகள். பன்னிரண்டும் இருந்தால் ஏறக்குறைய 43 கோடி. இதில் தாளமும் நீளமும் கமகமும் சேரவே இல்லை. நல்ல வரி எத்தனை என்பது வேறு கேள்வி, அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. 72 மேளகர்த்தாவையும் (ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகங்கள்) பெரிய பிள்ளைகளே எண்ணிப் பார்க்கலாம்: ரி-க சேர்க்கை 6, மத்யமம் 2, த-நி சேர்க்கை 6.

விளையாட்டு: 12 பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும். ஆளுக்கு ஒரு ஸ்வரஸ்தானம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஸ்வரப் பெயர்களைச் சூட்டுகிறாளே, அதுபோல. ஸட்ஜத்தின் கையில் ஒரு பந்து. ஏழாவது இடத்தில் நிற்பவருக்கு வீச வேண்டும் (தன்னை விட்டுவிட்டு ஏழு எண்ண வேண்டும், அதுதான் பஞ்சமம்). வாங்கியவரும் அங்கிருந்து ஏழு எண்ணி வீச வேண்டும். பந்து பன்னிரண்டு பேரின் கைக்கும் போய்விட்டுத்தான் ஸட்ஜத்துக்குத் திரும்பும். ஒருவரும் விடுபட மாட்டார்கள், ஒருவருக்கும் இரண்டு முறை வராது.

பிறகு நான்கு எண்ணி வீசச் சொல்லுங்கள். மூன்று பேருக்குள்ளேயே சுற்றும், மற்ற ஒன்பது பேரும் கத்துவார்கள். மூன்று எண்ணினால் நான்கு பேர், ஆறு எண்ணினால் இரண்டே பேர். எல்லாரையும் தொடுகிற எண்கள் 1, 5, 7, 11 மட்டும். ஐந்து என்பது மத்யமம், அதாவது பஞ்சமத்தைத் திருப்பிப்போட்டது. ஒன்றும் பதினொன்றும் பக்கத்து வீட்டுக்குப் போவது, அதில் சுவாரசியம் இல்லை.

#16 முற்றத்து நிலா

அருமை. ஆனால் என் வகுப்பில் 11 பேர்தான்.

#17 கூட்டல் கழித்தல்

11 பேர் நின்றால் எந்த எண்ணை எடுத்தாலும் பந்து எல்லாரிடமும் போய்விடும், வித்தியாசமே தெரியாது. 11 பகா எண். நீங்களே பன்னிரண்டாவது ஆளாக நின்றுகொள்ளுங்கள், நான்கு எண்ணும்போது பந்து வராத இடமாகப் பார்த்து.